அசுண வழக்கு

என் வீட்டுக்காரர் கோதண்டராமன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். இதைப் புகாராகச் சொல்லவில்லை, அறிமுகமாகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர். அது பிழைப்பு. பட்டிமன்றம்தான் வாழ்வு. அரிசி மண்டி சக்கரவர்த்தி மாதம் ஒருமுறை தேரடித் தெருவில் மேடை போட்டு, நடுவராக நடுவில் உட்கார்ந்து மணி அடிப்பார். ஓர் அணிக்கு இவர் தலைவர். எதிரணிக்கு ஆதிமூலம். அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியர். இவர் "இருக்கிறது" என்றால் அவர் "இல்லை" என்பார். இவர் "இல்லை" என்றால் அவர் "எங்கள் வீட்டிலேயே இரண்டு இருக்கிறது" என்பார். மேடையில் அப்படி அடித்துக்கொள்வார்கள். இறங்கியதும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போவார்கள்.

நான் ஜோதியம்மாள். எனக்கு மேடையில் வேலை இல்லை. கீழே மண்ணில், பெண்கள் பக்கம், கடைசி வரிசை. இவர் பேச்சில் எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் ஆரம்பித்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் என் தமிழ்த்தொண்டு.

நெருக்கடி நிலை என்று நாடே வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததே, அந்தக் காலத்தில் கூட்டம் என்றாலே எல்லோருக்கும் பயம். சக்கரவர்த்தி மணியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். முதலில் இவர் என் அடுப்படியிலேயே பட்டிமன்றம் நடத்தினார். சோற்றுக்குச் சிறப்புச் சேர்ப்பது சாம்பாரா, ரசமா? இரண்டு பக்கமும் இவரே பேசி, தீர்ப்பும் இவரே சொல்லி, கரண்டியால் மணியும் அடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. காலையில் பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைப்பார். ஒரு கருத்துகூடச் சொல்லமாட்டார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பேச்சு நின்றால் இந்த மனிதர் நின்றுபோவார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பயம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

பிறகு காலம் மாறியது, மணி வெளியே வந்தது, இவரும் வெளியே வந்தார். எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். தலைப்பு: பழந்தமிழ்ப் பாட்டில் விஞ்சி நிற்பது உண்மையா, கற்பனையா? இவர் உண்மை, ஆதிமூலம் கற்பனை. இவர் பேசி உட்கார்ந்ததும் ஆதிமூலம் எழுந்தார்.

"சபையோரே, அசுணம்னு ஒரு ஜீவன் காட்டுல இருக்காம். யாழ் வாசிச்சா மயங்கிக் கிட்ட வருமாம். பறை அடிச்சா அந்த இடத்துலயே உயிரை விட்டுடுமாம். நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. அதுக்கு எத்தனை கால்? அதை மட்டும் புலவர் சொல்லட்டும்."

இவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "அதைப் பறவை என்பாரும் உளர், விலங்கு என்பாரும் உளர். கால் விஷயத்தில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு."

கூட்டம் சிரித்தது. இவரோடு சேர்ந்து சிரித்த கூட்டம் எனக்குத் தெரியும். இது இவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த இழுப்பு வந்தால் அடுத்தது சபதம்தான் என்று எனக்குத் தெரியும்.

"அசுணம் இருக்கு! நம்ம மலைக்குப் பின்னாடிக் காட்டுலயே இருக்கு! வைகாசி பௌர்ணமிக்குள்ள அதை வரவழைச்சுக் காட்டறேன். காட்டலைன்னா இந்தக் கோதண்டராமன் இனிமே மேடை ஏறமாட்டான்!"

"காட்டிட்டா நான் மீசையை எடுத்துடறேன்!" என்று ஆதிமூலம் கத்தினார்.

"உனக்கு ஏதுய்யா மீசை?" என்று கூட்டத்தில் ஒரு குரல். உண்மைதான், அவருக்கு அந்த இடத்தில் புருவம் அளவுக்குக்கூட ஒன்றும் கிடையாது.

ஆதிமூலம் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். "அப்ப நானும் மேடை ஏறமாட்டேன்!"

தேரடித் தெருவே எழுந்து நின்று கைதட்டியது. அன்று நான் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நெஜமா இருக்குதாங்க அது?"

"இருக்கலாம், ஜோதி."

"மேடையில இருக்குதுன்னீங்க!"

"மேடையில 'இருக்கலாம்'னா எவன் கைதட்டுவான்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் தவளை மைக் வைத்துக் கெட்டது. அழுவதா, நாலு வார்த்தை கேட்பதா என்று யோசித்தேன். நாலு வார்த்தை கேட்டேன். பிறகு, சரி, இந்த மனிதர் மேடையில் நிற்க வேண்டுமென்றால் அந்த ஜந்து வந்துதான் ஆகவேண்டும், வரவழைத்துவிடுவோம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

கோடை விடுமுறை. ஊருக்கே வேறு வேலை இல்லை. டீக்கடையில் ஆளுக்கு ஒரு யோசனை. உப்புக்கட்டி வை, நக்க வரும் என்றார் ஒருவர். வெல்லப்பாகு என்றார் இன்னொருவர். போகிறவர்கள் சோப்புப் போட்டுக் குளிக்கக்கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, தாளித்த வாசம் கூடாது, பச்சைச் சேலை கட்ட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். இவர் பவுடருக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மேடைக்குப் போனாலும் மயானத்துக்குப் போனாலும் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டுதான் போவார். "காட்டு ஜீவன்தானே, என்னை முதல் தடவையா பாக்குது. கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?" என்றார். டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். மறுநாள் வடித்த சோறு மல்லிகைப்பூ வாசம் அடித்தது.

இடம் பார்த்தோம். அடி அண்ணாமலைக்கு அப்பால், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே, ஓடைக்கரையில் ஒரு புங்கமரம். எதிரே அடர்த்தியாக ஒரு காரைப்புதர். அசுணம் வந்தால் அங்கேதான் வரும் என்றார் இவர். ஏன் என்று கேட்டேன். "நான் அசுணமா இருந்தா அங்கதான் வருவேன்" என்றார்.

இனி யாழ். யாழுக்கு எங்கே போவது? ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் டேப் ரெக்கார்டரும் புல்லாங்குழல் கேசட்டும் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் அதைப் புதருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மரத்தடியில் ஒளிந்துகொண்டோம். கால் மணி நேரத்தில் சருகு சரசரத்தது. இவர் என் கையைப் பிடித்தார். வந்தது டேப் ரெக்கார்டருக்குச் சொந்தக்காரர். அவர் பின்னால் அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர். புதருக்கு எதிரே சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார்கள். திறக்கவே இல்லை. எழுப்பவும் மனசு வரவில்லை. கடைசியில் குரங்கு ஒன்று வந்து பேட்டரி மூடியைக் கழற்றி, பேட்டரியைக் கடித்துப் பார்த்து, முகம் சுளித்துத் தூக்கி எறிந்த பிறகுதான் அவர்கள் தியானம் கலைந்தது.

அப்புறம்தான் கவுஸ் பாஷா ஞாபகம் வந்தது. அவர் தகரப் பெட்டி செய்து விற்பவர். கந்தூரி விழாக்களில் புல்புல்தாரா வாசிப்பார். மரப்பெட்டிமேல் கம்பி கட்டி, டைப் அடிக்கிற மெஷின் மாதிரி பொத்தான் வைத்த வாத்தியம். ஒரு கையால் பொத்தானைத் தட்டி, மறு கையால் கம்பியை மீட்டினால் பாட்டு சர்க்கரையாகக் கொட்டும். கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னோம்.

"வாத்தியாரே, இதுக்கு மயங்காத ஜந்து துனியாவுல இல்ல. என் மாமனாருக்குக் கல்லு மனசு. நான் வாசிச்சேன். ஜல்தியா பொண்ணைக் குடுத்துட்டாரு" என்றார் கவுஸ் பாஷா.

"வாசிக்கறதை நிறுத்துனா போதும்னுதான் எங்க அத்தா குடுத்தாரு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவர் மனைவி ஹபீபுன்னிசா.

பாஷா காதில் வாங்கவில்லை. மறுநாளே காட்டுக்கு வந்துவிட்டார். பாறைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாசித்தார். அம்மாடி! எனக்கே எழுந்து அவர் பக்கம் போகலாமா என்று இருந்தது. அப்படி ஒரு வாசிப்பு. ஆனால் பக்கத்தில் ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் புதரைப் பார்த்துக் கையை நீட்டி, "இப்பொழுது பாஷா எடுத்துக்கொண்டிருக்கும் இந்த மெட்டு இருக்கிறதே..." என்று ஆரம்பித்துவிட்டார். வராத அசுணத்துக்கு வரவேற்புரை! நான் உதட்டில் விரல் வைத்தேன். தலையாட்டினார். மூச்சு விடும் நேரத்துக்கு அடங்கியிருந்தார். மறுபடி, "ஆனால் ஒன்று..." என்றார்.

இந்த மனிதரின் வாயை அடைக்காமல் எந்த ஜீவனும் வராது என்று தெரிந்துவிட்டது. அன்றிரவு முழுக்க யோசித்தேன். மறுநாள் சாயங்காலம் புறப்படும்போது ஒரு கவுளி வெற்றிலை எடுத்துக்கொண்டேன். மரத்தடியில் உட்கார்ந்ததும் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வாயில் திணித்தேன். கன்னம் இரண்டும் உப்பியது. துப்பினால் சத்தம் கேட்கும், துப்பக்கூடாது. பேசினால் வேட்டி சிவக்கும், பேசக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

அவ்வளவு நிசப்தமாக அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. வாய் அடைபட்டதும் கண் பேச ஆரம்பித்தது. பாட்டு குழையும்போது கண் குழைந்தது. இடையில் என்னைப் பார்த்துக் கன்னம் உப்பச் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த வாரமே வந்தது. கூட்டமாக வந்தது. தாடியோடு வந்தது. அடி அண்ணாமலை கன்னியம்மாளின் ஆடுகள். தினமும் பாஷா பொத்தானைத் தட்டியதும் பட்டியை விட்டுப் புறப்பட்டு வந்து, பாறையைச் சுற்றிப் படுத்து அசைபோடும். நாலாம் நாள் கன்னியம்மாளே கம்போடு வந்தார்.

"இன்னா சாயபு, என் ஆட்டுக்கு இன்னா மருந்து வெச்ச? கூப்புட்டா வர மாட்டேங்குதுங்க. பால் வேற ஜாஸ்தியா குடுக்குதுங்க!"

"பால் ஜாஸ்தின்னா சந்தோஷப்படும்மா."

"சந்தோஷந்தான். நீ தெனம் வருவியா, இல்ல நடுவுல நிறுத்திடுவியா? அதைச் சொல்லு."

விஷயம் ஊருக்குள் பரவியது. ஆதிமூலம் டீக்கடையில் எங்களை மடக்கினார். "என்ன புலவரே, அசுணம் 'மே'ன்னு கத்துமாமே?" இவர் பதில் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இல்லாதபோதும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. பௌர்ணமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் அழைத்துவந்து காட்டுவதாக ஏற்பாடு. அதற்குச் சில நாள்கள்தான் பாக்கி.

ஒரு வேலை மீதி இருந்தது. பறைச் சத்தம் கேட்டால் அசுணம் செத்துப்போகும். அதனால் அந்தச் சாயங்காலம் மட்டும் அங்கே மேளம் கேட்கக்கூடாது. அடி அண்ணாமலையில் மேளக்குழுவின் தலைவர் இருசப்பனைப் பார்க்கப் போனோம். இதைப் போய் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். எது இனிமை, எது கொடுமை என்று எந்தக் காலத்திலோ எவனோ முடிவு கட்டியிருக்கிறான், அதைத் தூக்கிக்கொண்டு நாம் அவர் வாசலில் நிற்கிறோமே! இவர் எப்படியோ மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார்.

இருசப்பன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "எங்க அடியைக் கேட்டு உசுரு போவும்னு பழைய பாட்டுலயே இருக்குதா வாத்தியாரே?"

"இருக்கு" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்போ அந்தக் காலத்துல சூப்பராத்தான் அடிச்சிருக்கானுவ!" இருசப்பன் முகமெல்லாம் சிரிப்பு. "ஞாயித்துக்கெழம ஒரு பொண்ணுக்கு மாமன் சீர் எடுத்துக்கினு வராரு. பரவால்ல, பின் தெருவால கூட்டிக்கினு போயிடறோம். அது வந்துச்சுன்னா எனக்கும் ஒரு நாளு காட்டுங்க. நான் மேளம் எடுத்துக்கினு வரல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் பாதி ஓடைக்கரையில் இருந்தது. சக்கரவர்த்தி பட்டிமன்ற மணியைக் கொண்டுவந்திருந்தார். அசுணத்துக்கு ஆகாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தார். கன்னியம்மாள் ஆடுகளைப் பட்டியிலேயே கட்டிப்போட்டுவிட்டுத் தான் மட்டும் வந்து முன்னால் உட்கார்ந்தார். செருப்புச் சத்தம் ஆகாது என்று எல்லோரையும் கழற்றச் சொன்னேன். ஆதிமூலம் முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் செருப்பைக் கழற்றி இவர் பக்கத்தில் வைத்தார். அவருக்கும் வெற்றிலை நீட்டினேன்.

"வேணாம்மா. நான் பேசப் போறதில்லை. சிரிக்கத்தான் போறேன்" என்றார்.

இவருக்கு வெற்றிலையை அடைத்தேன். பாஷா 'பிஸ்மில்லா' சொல்லிக் கண்ணை மூடினார்.

வெயில் தாழ்ந்து மலைமேல் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பாட்டு மெல்ல எழுந்தது. இருமல் நின்றது, கொசு அடிக்கும் சத்தம் நின்றது. பாஷா கீழ் ஸ்வரத்துக்கு இறங்கி ஓரிடத்தில் குழைந்து குழைந்து நின்றார். அப்போது காரைப்புதர் அசைந்தது.

காற்று இல்லை. புங்கமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. புதர் மட்டும் அசைந்தது. பாஷா கம்பியை முறுக்கிக்கொள்ள ஒரு நொடி நிறுத்தினார், அசைவும் நின்றது. வாசித்தார், மறுபடி அசைந்தது. கன்னியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஆதிமூலத்தைப் பார்த்தேன். சிரிக்க வந்த மனிதர் வாய் பிளந்து, முழங்காலில் நின்று, குழந்தை ஜவுளிக்கடை பொம்மையைப் பார்ப்பதுபோல் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, பாதைப் பக்கமிருந்து மேளம். பின் தெருவால் வந்தால் என் பீரோவை யார் பார்ப்பார்கள் என்று சீர் கொண்டுவந்த மாமன் அடம்பிடித்து, பெரிய பாதையிலேயே கிளப்பிவிட்டிருக்கிறார். மேளம் நெருங்கிக்கொண்டே வந்தது.

நான் இவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒருவர் துள்ளி எழுந்து ஓடினார். ஆதிமூலம்! வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளில் வெறுங்காலோடு, பாதையை நோக்கி ஓடினார். "நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா! செத்துடும்! பாவம், செத்துடும்!"

அடுத்த நொடி என் வீட்டுக்காரர் எழுந்தார். பந்தயமெல்லாம் எதிரே புதருக்குள் அசைந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கவில்லை. ஆதிமூலத்தின் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உப்பிய கன்னத்தோடு, "ம்ம்! ம்ம்ம்!" என்று அவர் பின்னாலேயே ஓடினார். அவ்வளவுதான், சக்கரவர்த்தி, கன்னியம்மாள், ஊர்க்கூட்டம் எல்லாம் வேடிக்கை பார்க்கப் பின்னால் ஓடியது.

ஓடைக்கரையில் மிச்சம் நானும் பாஷாவும். பாஷாவுக்கு உலகம் தெரியாது, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். நான் புதரைப் பார்த்தேன்.

அது இருக்கட்டும். பாதைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே ரகளை. "செத்துடும்" என்று ஒருவர் அலறிக்கொண்டு ஓடிவந்தால் சீர் கொண்டுவருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தட்டைக் கீழே போட்டுவிட்டு, யார் செத்தது என்று தெரியாமலே ஓர் அம்மாள் ஒப்பாரியை ஆரம்பித்திருந்தார். ஆப்பிள் உருண்டு ஓடியது. இருசப்பன் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தியிருந்தார். ஆதிமூலம் நடுப்பாதையில் உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் செருப்போடு பக்கத்தில் நின்றார். பிறகு பாதையோரம் போய்த் துப்பினார். அத்தனை நாள் அடைத்துவைத்த வாய் திறந்தது.

"நடுவர் அவர்களே! காட்டறேன்னு சொன்னேன். காட்டலை. நான் தோத்துட்டேன்."

"யார் தோத்தது?" ஆதிமூலம் ஒற்றைக் காலில் எழுந்தார். "இல்லவே இல்லைன்னு மேடை ஏறிச் சொன்னவன் நான். இல்லாத ஒண்ணைக் காப்பாத்த எவனாவது இவ்வளவு முள்ளுல ஓடுவானா? தோத்தது நான்!"

"அவையோரே, நண்பர் தவறு செய்கிறார்! ஓடியது இரக்கத்தால். இரக்கம் எப்படித் தோல்வி ஆகும்?"

"இரக்கப்படணும்னா முதல்ல அது இருக்கணும்! அதைத்தானய்யா நானே நிரூபிச்சுட்டேன்!"

சக்கரவர்த்தி மணியில் சுற்றிய துணியை அவிழ்த்தார். ஊர் அப்படியே பாதையில் உட்கார்ந்தது. சீர்க்காரர்களும் உட்கார்ந்தார்கள். ஒப்பாரி வைத்த அம்மாள் உருண்ட ஆப்பிளைப் பொறுக்கித் துடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நான்தான் தோற்றேன் என்று இவர் முழங்க, இல்லை நான்தான் என்று அவர் முழங்க, நல்ல கருத்து வரும்போதெல்லாம் இருசப்பன் ஓர் அடி அடித்தார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் மாமன் வந்து, "சார், நல்ல நேரம் போவுது" என்று கெஞ்சிய பிறகுதான் கலைந்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருமே தோற்றேன் என்கிறார்கள். தோற்றவர் மேடை ஏறக்கூடாது. வைத்தியம் பார்க்கப் போய் நோயாளி இரண்டு பேராகிவிட்டார்கள்! இவரும் அவரும் சொன்ன சொல்லில் நின்றார்கள். சக்கரவர்த்தி வந்து கெஞ்சினார். மேடையில் கால் வைக்கமாட்டோம் என்று இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு ஆத்திரம். "அப்போ மேடையில எங்களை ஏத்திட்டு நீங்க கீழ நின்னு பேசுங்களேன்!" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்னது. சக்கரவர்த்தி மண்டி வைத்திருக்கிறவர், எதையும் வீணாக்கமாட்டார். அடுத்த பட்டிமன்றத்துக்கு அப்படியே செய்தார். மேடைமேல் ஜமக்காளம் விரித்துப் பெண்களை உட்கார வைத்தார். பேச்சாளர்கள் கீழே, மண்ணில். தலைப்பு: அசுண வழக்கில் தோற்றவர் யார்? மைக்கை மட்டும் மேலே என் முன்னால் வைத்துவிட்டு நடுவர் சொன்னார்: "புதருக்கு எதிர்ல கடைசி வரைக்கும் இருந்தது ரெண்டே பேரு. பாஷா பாய் கண்ணை மூடிக்கிட்டிருந்தாரு. அதனால சாட்சியும் வாத்தியாரம்மாதான், நீதிபதியும் வாத்தியாரம்மாதான்." மணியை என் கையில் கொடுத்துவிட்டார்.

மேலேயிருந்து அன்றுதான் முதல்முறையாக அவரைப் பார்த்தேன். உச்சந்தலையில் கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது. முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக. மேல்துண்டை இழுத்துவிட்டு, அண்ணாந்து என்னைப் பார்த்து, "தீர்ப்பளிக்கும் தாயே!" என்றார். தெருவே சிரித்தது. அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. பேசினார் பாருங்கள், அப்படிப் பேசினார்! ஆதிமூலம் விடுவாரா? காலில் கட்டோடு எம்பி எம்பிப் பேசினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நாங்க ஓடின பிறகு புதர்ல என்ன பாத்தீங்க?" என்றார் ஆதிமூலம்.

"சொல்லு ஜோதி" என்றார் இவர். "இருந்துதா, இல்லையா?"

கன்னியம்மாள் என் முழங்கையை இடித்தார். நான் பார்த்ததை அப்படியே சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். இருந்தது என்றால் ஆதிமூலம் வீட்டுக்குப் போகவேண்டும். இல்லை என்றால் என் வீட்டுக்காரர் பேப்பரைப் படித்து மடித்து வைக்கவேண்டும். எதைச் சொன்னாலும் ஒருவர் இல்லாமல் மற்றவர் யாரிடம் பேசுவார்?

மைக்கைக் கிட்டே இழுத்தேன். தொண்டையைச் செருமினேன். அவர் செருமுவதைப் போலவே வந்தது.

"ரெண்டு பக்கமும் நல்லா பேசுனீங்க. ஆனா எனக்கு இன்னும் சில சந்தேகம் தீரலை. அதனால தீர்ப்பு அடுத்த மாசத்துக்கு ஒத்திவைக்கப்படுது!"

மணியை ஓங்கி அடித்தேன். கைதட்டல் தேரடியைத் தாண்டிக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த மாதமும் ஒத்திவைத்தேன். அதற்கடுத்த மாதமும். வருஷங்கள் ஓடிவிட்டன, எண்பத்தாறாம் வருஷமே வந்துவிட்டது. எந்தத் தலைப்பு போட்டாலும் கடைசியில் அசுண வழக்குக்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. கவுஸ் பாஷா வாசிக்காமல் தொடங்குவதில்லை, இருசப்பன் அடிக்காமல் முடிப்பதில்லை. கன்னியம்மாள் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். போன வாரம் சாப்பிடும்போதுகூட இவர் கேட்டார்: "என்கிட்ட மட்டுமாவது சொல்லேன் ஜோதி, அன்னிக்கு என்னதான் பாத்தே?"

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். "பேசாம சாப்பிடுங்க. வழக்கு நிலுவையில இருக்கு."